நெபுலாவுக்கு ஒரு ‘ங்க’

மார்கழிக் குளிருக்காக இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய ஸ்வெட்டரை எடுத்தேன். இரண்டு வருடமாக அடியில் கிடந்தது. பூச்சி உருண்டை வாசனையோடு நீலகிரித் தைலத்தின் வாசனையும் லேசாக வந்தது. பைக்குள் கையை விட்டால் ஏதோ தட்டுப்பட்டது. டீ கிளாஸின் வாய் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி. உங்கள் பைனாகுலரின் முன்கண்ணாடியை மூடுவது. வால்பாறையில் அன்றைக்கு இரண்டு மூடிகளையும் கழற்றிப் பையில் போட்டது நான்தான். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறேன்.

“அம்மணி, கம்பெனி பஸ்ஸு வந்துரும், நின்னுட்டு என்ன யோசன?” என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார். மூடியைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இப்போது வேலை செய்கிறேன். துணியின் நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் படித்த நிறமாலைதான் எனக்குச் சோறு போடுகிறது என்று உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுத ஆரம்பித்தேன்.

உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. சொல்லப்போனால் நான் நான்கு மாதம் மூத்தவள். கோயமுத்தூரில் பி.எஸ்சி. இயற்பியலில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆனாலும் இந்த மடலில் கை ‘நீங்கள்’ என்றுதான் எழுதுகிறது. நீங்கள் போன பிறகும் அது மாறவில்லை. போகிறபடி போகட்டும் என்று விடுகிறேன்.

முதல் நாள் நீங்கள் வகுப்புக்குள் வந்து என் பக்கத்தில் பையை வைத்தீர்கள். நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

“ஏம் புள்ள எந்திரிச்சுட்டே? ஆருக்காச்சும் எடம் புடிச்சிருக்கறியா?”

“இல்லீங்க. உக்காருங்க.”

“என்னது, ‘ங்க’வா? என்னையப் பாத்தா மேடம் மாதிரியா இருக்குது?”

நம் ஊரில் யாருக்குத்தான் ‘ங்க’ போடுவதில்லை? கண்டக்டர் போடுவார், காய்காரம்மா போடுவார், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் “பால் குடிங்க கண்ணு” என்பாள் அம்மா. அது வாய்க்கு இனிப்பான ‘ங்க’. என்னுடையது அது இல்லை. என் தாத்தா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்பார்கள். பண்ணாடி வீட்டில் இடுப்பு உயரப் பையன் வந்தாலும் தாத்தா தலைத்துண்டை எடுத்துவிட்டு “வாங்க சாமி” என்பார். அந்தப் பையன் தாத்தாவை “வா, போ” என்பான். அப்பா அதையெல்லாம் விட்டுத் தொழிற்பேட்டைக்கு லோடு ஏற்ற வந்துவிட்டார். நான் அதையும் தாண்டிக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். நாக்கு மட்டும் தோட்டத்திலேயே நின்றுகொண்டது. பொள்ளாச்சிப் பக்கம் உங்களுக்குப் பெரிய தென்னந்தோப்பு என்று முதல் வாரமே தெரிந்தது. அதன்பிறகு என் ‘ங்க’ இன்னும் அழுத்தமாக விழுந்தது.

நீங்கள் கெஞ்சினீர்கள், கிள்ளினீர்கள், பேசாமல் இருந்து பார்த்தீர்கள். கடைசியில் ஒரு நாள், “செரி. நீங்க உடற வரைக்கும் நானும் உடமாட்டனுங்க” என்றீர்கள். அதிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் “வாங்க, போங்க” என்று பேசிக்கொண்டோம். பின்பெஞ்சில் இருந்தவள், “ஏண்டி, ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டாள்.

“சண்டையெல்லாம் இல்லீங்க” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். வகுப்பே சிரித்தது. உங்களுக்கு விளையாட்டு. எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. எத்தனை முறை பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள் “வாடி, போடி” என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உங்கள் முகத்தைப் பார்த்ததும் தொண்டையில் நின்றுவிடும்.

மூன்றாம் வருடத்தில் செய்முறைத் திட்டத்துக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். தலைப்பை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள். “டாரன்டுலா நெபுலான்னு ஒண்ணு இருக்குதுங்க. பெரிய சிலந்திப்பூச்சி பேரு. இதையே எடுத்துக்கலாமுங்க.” நம் பால்வீதிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கேலக்ஸி இருக்கிறது. அதற்குள் இருக்கிற மிகப் பெரிய வாயு மேகம் அது. அதற்குள்ளிருந்து நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. நடுவில் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் ஊதுகிற ஊதலில் மேகம் ஓட்டை ஓட்டையாகி, ஓரமெல்லாம் இழை இழையாக நிற்கும். படத்தில் பார்த்தால் நிஜமாகவே சிலந்திக் கால்கள்தான். வெளிச்சம் அங்கிருந்து நம்மிடம் வர ஏறத்தாழ ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடம் ஆகும். அதுவே நமக்கு இன்னும் கிட்டே உள்ள ஓரியன் நெபுலா இருக்கிற தூரத்தில் இருந்திருந்தால், அதன் வெளிச்சத்தில் நம் நிழல் தரையில் விழும் என்று ஒரு புத்தகத்தில் படித்தோம். அந்த வரி உங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வகுப்பில் எழுந்து விளக்க வேண்டிய நாள் வந்தது. அறுபது முகங்கள். முன்வரிசையில் துறைத்தலைவர். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் அத்தனையும் போய்விட்டது. வாய் தானாகத் திறந்தது.

“இந்த நெபுலா வந்துங்க… அவங்க பக்கத்து கேலக்ஸியில இருக்காங்க.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. துறைத்தலைவரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தேன். அப்போது நீங்கள் ஓர் அடி முன்னால் வந்தீர்கள். முகத்தில் சிரிப்பே இல்லை.

“ஆமாங்க. அவங்க ரொம்பப் பெரியவங்க. அவங்களுக்குள்ள தெனமும் நட்சத்திரங்க பொறக்கறாங்க. அவங்க மட்டும் சித்த கிட்ட வந்தாங்கன்னா நம்ம நெழல் தரையில உழுகுமுங்க. மீதியை இவங்க சொல்லுவாங்க.”

இப்போது சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அது என்மேல் விழவில்லை. மீதியை நான் சொன்னேன், ‘அவங்க’ என்றே சொன்னேன். அந்த வருடம் முழுக்க நம் வகுப்பில் எல்லோருக்கும் அந்த நெபுலா ‘அவங்க’தான்.

அவங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீங்கள். கோயமுத்தூரில் முடியாது. தெற்கே அடிவானத்திலிருந்து கையை நீட்டி ஒரு முஷ்டி வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு உயரம்தான் அது ஏறும். ஊர் வெளிச்சமும் புழுதியும் அதை விழுங்கிவிடும். மாசி மாதம், அமாவாசையை ஒட்டி, இருட்டின பிறகு எட்டு மணி வாக்கில், தெற்குத் திறந்த மலைச்சரிவு வேண்டும். வால்பாறையில் என் பெரியம்மா தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அப்பறம் என்னங்க, கெளம்புங்க” என்றீர்கள்.

எனக்கு உங்களை அங்கே கூட்டிப் போகக் கூச்சம். பெரியம்மாவுடையது எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. கல்லூரி மேடத்தின் வீட்டில் தங்குவதாக உங்கள் வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்கள். என்னிடம் அதை மறைக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். வளைவுப் பலகை ஒவ்வொன்றையும் பார்த்து, “பத்தொம்பது… இன்னும் எத்தனைங்க?” என்று முனகினீர்கள். எலுமிச்சம்பழத்தை உங்கள் மூக்கருகில் பிடித்துக்கொண்டே வந்தேன். பெரியம்மா பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

“ஏனுங்க அம்மணி, நம்மூட்டுச் சோறு சாப்புடுவீங்களா? இல்ல, கடையில டிபன் வாங்கியாரட்டுமா?”

“உள்ள இருக்கறதெல்லாம் ரோட்டுல கொட்டிட்டு வந்திருக்கறனுங்க பெரியம்மா. எதைப் போட்டாலும் சாப்புடுவேன்.”

பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் நீங்கள் தட்டை வாங்கும் முன் ஒரு கணம் நிறுத்தியதையும் நான் பார்த்தேன். அப்புறம் நாற்காலியில் உட்காராமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினீர்கள். அந்த ஒரு கணத்தையும் சேர்த்துத்தான் எனக்கு உங்களைப் பிடிக்கும். சுலபமாக வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் நாள் பனி. ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. “அரைமணி நேரந்தான். சிறுத்தை நடமாட்டம் இருக்குது, தண்ணித் தொட்டிக்கு அக்கட்டால போகப்படாது” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கதவருகிலேயே நின்றார். தொட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பைனாகுலரைப் பிடித்தோம். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. அதிலிருந்து கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக இறங்க வேண்டும். நீங்கள் தேடினீர்கள், கிடைக்கவில்லை. கழுத்து வலிக்கிறதென்று என்னிடம் கொடுத்துவிட்டு நாலு அடி தள்ளிப் போய்க் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குக் கிடைத்தது.

“ஏய்! வாடி! இங்க ஓடியாந்து பாருடி, அவங்க இருக்காங்க!”

கத்தியது நான்தான் என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று. பைனாகுலரைக் கீழே இறக்கினேன். நீங்கள் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள்.

“என்ன சொன்னே?”

“இல்லீங்க… சீக்கிரம் வாங்க, பாருங்க…”

“இன்னொருக்கா சொல்லு.”

“மறைஞ்சுருமுங்க…”

“மறையட்டும். இன்னொருக்கா சொல்லுடி!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “நெபுலாவுக்கு ‘ங்க’, எனக்கு ‘டி’யா? இப்பத்தான் செரி. சொல்லு!”

என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் விடவும் இல்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைனாகுலரை வாங்கியபோது பள்ளத்திலிருந்து பனி ஏறி, அகத்தியர்வரை மூடிவிட்டது. காத்திருந்தோம். பெரியம்மா கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். நீங்கள் பார்க்கவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில், “எப்படி இருந்துது?” என்று கேட்டீர்கள். “சும்மா ஒரு பொகை மாதிரி இருந்துதுங்க” என்றேன். மேலும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்துவிட்டு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பொள்ளாச்சியில் உங்கள் அப்பா காரோடு நின்றார். நான் நாலு அடி பின்னால் தள்ளி நின்று, “வாரேனுங்க” என்றேன். திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது: ‘வால்பாறையிலிருந்து நாங்கள் இதைப் பார்த்தோம்.’ ‘நாங்கள்’ என்பதை அடிக்கச் சொன்னேன். நீங்கள் அடிக்கவில்லை.

படிப்பு முடிந்த பிறகு நீங்கள் போனில் எப்போதும் ‘நீ’ என்றீர்கள். என்னை ‘டி’ சொல்லச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டீர்கள். அவசரமில்லை, நேரம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் என்றுதான் முதலில் சொன்னார்கள். பெருந்துறையிலிருந்து பஸ் பிடித்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலருகே உங்கள் அம்மா. உங்கள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு ‘டி’யாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எப்படி இருக்கீங்க?” என்றேன்.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். உதட்டோரம் லேசாக அசைந்தது. “நல்லா இருக்கறனுங்க” என்றீர்கள்.

கேலி செய்தீர்களா, இல்லை அலுத்துப்போய்ச் சொன்னீர்களா? மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. இன்றைக்கு வரைக்கும் அந்த உதட்டோரத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, அந்தத் திட்ட அறிக்கையைக் கொடுக்கலாம் என்று உங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தேன். வாசலிலேயே நின்றேன். “உள்ளார வா கண்ணு” என்றார் உங்கள் அம்மா. காபி வந்தது. எந்த டம்ளரில் வருகிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவர் குடித்ததைப் போன்ற டம்ளர்தான்.

“வால்பாறையில உன்ற பெரியம்மா ஊட்டுலதான தங்குனீங்க?” என்றார்.

டம்ளர் என் கையிலேயே நின்றது.

“வந்த அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிபோட்டா. அவங்கப்பாருக்குத் தெரியாது. எனக்குக் கோவம். பொய் சொல்லிட்டுப் போனதுக்கு மட்டுமில்ல. வேறெதுக்குன்னு உனக்கே தெரியும்.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தார். “அப்பறம் ஒரு வாரம் அதே பேச்சு. ‘அம்மா, அவ என்னைய ஒருக்கா டி போட்டுக் கூப்பிட்டுட்டாம்மா’ன்னு. அத்தனை தூரம் போயி அந்த நட்சத்திரத்தைப் பாத்தியா இல்லியான்னு கேட்டேன். ‘பாக்கறக்குள்ள பனி மூடிருச்சும்மா, போனாப் போகுது’ன்னா. அத்தனை சந்தோசம் மூஞ்சியில.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அது எப்படிக் கண்ணு இருந்துது? நீயாச்சும் பாத்தியே.”

“சின்னதா… பொகை மாதிரிங்க” என்றேன். அவர் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். நீங்கள் பஸ்ஸில் காத்திருந்ததைப் போலவே. வரவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, “இப்ப ஆரும் அவ பேரைச் சொல்றதில்ல. ‘அது’ங்கறாங்க, ‘அந்தப் புள்ள’ங்கறாங்க. நீயாச்சும் அவளைப் பத்திப் பேசும்போது அவகிட்டப் பேசற மாதிரியே பேசு” என்றார்.

ஆக, இரண்டு பேர் கேட்டும் நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. ‘ங்க’ போட்டுக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அதைப் பார்த்த அந்த நொடியில் நான் ‘ங்க’ போடுகிறவளாக நிற்கவில்லை. எனவே இப்போது சொல்கிறேன். கேளுடி.

முதலில் ஒன்றுமே இல்லை, இருட்டுதான். கை நடுங்கியதில் நட்சத்திரங்களெல்லாம் கோடு கோடாக ஆடின. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அகத்தியரை விட்டு இறங்கி, ஒரு தேயிலைக் குன்றின் முதுகுக்கு மேலே வந்தபோது, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்த பிறகும் போகாமல் நிற்குமே சாக்பீஸ் வெளுப்பு, அப்படி ஒன்று தெரிந்தது. அதுதான் அந்தப் பக்கத்து கேலக்ஸி. அதன் இடது ஓரத்தில், துடைக்கும்போது யாரோ விரல் நுனியை வைத்து எடுத்தது போல, ஒரு பொட்டு. கால்களும் இல்லை, நிறமும் இல்லை. நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் மெதுவாக வந்து நிற்கும். யாரையும் நேராகப் பார்க்கக் கூச்சப்படுகிறவளுக்கு அதைவிடத் தோதான பொருள் வானத்தில் இல்லை. அதனால்தான் எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. நீ எதையும் நேராகவே பார்க்கிறவள்.

அந்தப் பொட்டுக்குள் என்னென்னவோ பிறந்துகொண்டிருக்கிறது என்று அப்போது எனக்கு ஞாபகம்கூட வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இதை இவள் உடனே பார்க்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. அதனால்தான் அந்த வார்த்தை தொண்டையில் நிற்காமல் வெளியே வந்தது.

அவ்வளவுதான்டி இருந்தது. நீ பார்த்திருந்தால், “இதுக்கா நாப்பது வளைவுலயும் வாந்தி எடுத்தேன்?” என்று பைனாகுலரை என் மடியில் போட்டிருப்பாய். நான் உன்னை நன்றாகத் திட்டியிருப்பேன். வாய் நிறைய வருகிறது இப்போது, ஒரு ‘ங்க’கூட இல்லாமல்.